போதிய எதிர்ப்பு இல்லாத வீடு

லிஃப்ட்காரர் தன் வாழ்நாளில் செய்த ஒரே பெரிய தப்பு, மகள் பாடும்போது உட்கார்ந்து கேட்டது. அது தப்பு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கென்றே ஒரு வாரியம் இருப்பதும் அவருக்குத் தெரியாது. இத்தனைக்கும் அந்த வாரியத்தின் லிஃப்டை அவரே இரண்டொரு முறை பழுது பார்த்திருக்கிறார். உள்ளே என்ன வேலை நடக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. மேலே போகவேண்டியது மேலே போய், கீழே வரவேண்டியது கீழே வந்துவிட்டால் அந்தக் கட்டடத்தோடு அவருடைய உறவு முடிந்தது.

தனித்துவ இசை வாரியம் என்பது அதன் பெயர். ஒரு காலத்தில் பாட்டுப் பாடுகிறவர்கள் அவரவருக்கு வந்தபடி பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மூக்கால் பாடுவார், ஒருவர் தரையைப் பார்த்துப் பாடுவார், ஒருவர் பாதியில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிப்பார். கேட்கிறவர்களுக்குக் குழப்பமாக இருந்ததாம். தனித்துவம் என்பது ஆளாளுக்கு விட்டுவைக்கக்கூடிய விஷயம் இல்லை என்று பெரியவர்கள் கூடி முடிவெடுத்து வாரியத்தை அமைத்தார்கள். வாரியத்தின் முத்திரை இல்லாத குரல் வானொலியில் வராது, மேடை ஏறாது, கைப்பேசியிலும் ஒலிக்காது. குளியலறையில் பாடிக்கொள்ளலாம், அதற்கும் ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும்.

மகள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். வேலை முடிந்து வந்தால் கிடாரை எடுத்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அசையாமல் நின்று பாடுவாள். கொஞ்சம் கரகரத்த, தாழ்ந்த குரல். பாட்டும் அவளே கட்டியதுதான். அதில் ஒன்று அப்பாவைப் பற்றியது. சின்ன வயதில், பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாளில் அப்பாவோடு வேலைக்குப் போனவள் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாள். வெளியே நின்று அவர் திருகுகளைக் கழற்றியபடியே பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதைத்தான் பாடியிருந்தாள். 'கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா இருக்கார், பயமில்லை' என்று பல்லவி. எதிர்வீட்டுக்காரர்கூட அந்தப் பாட்டுக்குத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பார். லிஃப்ட்காரர் கேட்டுவிட்டு மூக்கை உறிஞ்சுவார், ஜலதோஷம் என்பார்.

வாரியம் நடத்திய குரல் தேர்வில் மகள் தேறிவிட்டாள். வீடுதான் தேறவில்லை. பெற்றோரோடு நேரில் வரச் சொன்னார்கள். அம்மாவுக்கு வேலையில் விடுப்பு கிடைக்காததால் அப்பாவும் மகளும் போனார்கள்.

முன்கூடத்தில் ஒரு பலகை இருந்தது. 'வரிசையில் நிற்காதீர்கள். உங்கள் இஷ்டப்படி நில்லுங்கள்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கீழே சின்ன எழுத்தில், 'இஷ்டப்படி நிற்பதற்கான கோடு தரையில் வரையப்பட்டுள்ளது' என்றிருந்தது. கோடு வளைந்து நெளிந்து போய்க் கவுண்டரில் முடிந்தது. அதன்மேல் வரிசையாக எல்லாரும் நின்றிருந்தார்கள். லிஃப்ட்காரரும் பயபக்தியோடு போய் நின்றார். காவலாளி வந்து அவர் தோளைத் தொட்டார்.

"சார், கொஞ்சம் கோணலா நில்லுங்க. மேலிருந்து கேமராவுல பார்க்கிறாங்க."

லிஃப்ட்காரர் ஒரு காலை மடக்கி நின்றார். அவருக்கு முட்டிவலி உண்டு.

கிளர்ச்சிப் பிரிவின் மேலாளர் ஒரு அம்மாள். தோளில் கிழிந்த மேல்சட்டை போட்டிருந்தார். வாரியத்தில் எல்லாருக்கும் அதே இடத்தில்தான் கிழிந்திருந்தது. கிழிசல் மேலும் பெரிதாகிவிடாதபடி ஓரம் மடித்துத் தைத்து, இஸ்திரியும் போட்டிருந்தார்கள். மேலாளர் எதிரே உட்காரச் சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"பொண்ணு பாடுறதுக்கு நீங்க என்ன தடை போட்டீங்க?"

லிஃப்ட்காரர் யோசித்தார். "தடை எதுவும் போடலைங்க. டீ போட்டுக் குடுப்பேன். தொண்டைக்கு இதமா இருக்கும்."

"அடிச்சிருக்கீங்களா?"

"சேச்சே."

"கிடாரை உடைச்சிருக்கீங்களா?"

"கம்பி அறுந்தா மாத்திக் குடுத்திருக்கேன்."

"பாட்டு சோறு போடுமான்னு ஒருதடவையாவது கேட்டிருக்கீங்களா? அவசரமில்லை, நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. மனசுக்குள்ள கேட்டிருந்தாக்கூடப் போதும், எழுதிக்கிறேன்."

லிஃப்ட்காரர் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். மகளுக்கு உபயோகமாக ஒரு கெட்ட எண்ணம்கூடத் தன்னிடம் இல்லாமல் போயிற்றே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. இல்லை என்று தலையாட்டினார்.

"சரி, அம்மா எப்படி?"

"அவ கூடச் சேர்ந்து பாடுவா."

மேலாளர் பேனாவை மூடி வைத்தார். "கூடச் சேர்ந்து பாடுவாங்களா?" என்று, நோய் முற்றியபிறகு அழைத்து வந்தவர்களைப் பார்க்கும் டாக்டர் போலக் கேட்டார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "உங்களைக் குத்தம் சொல்லலை சார். ஆதரவால பாதிக்கப்பட்ட குடும்பங்கள் இப்ப நிறைய வருது. ஒரு கலைஞர்னா சமூகத்தை எதிர்த்து வெளியே வரணும். வீட்டுல எல்லாரும் கைதட்டிட்டு உட்கார்ந்திருந்தா எதை எதிர்த்து வருவாங்க? நாற்காலியையா?"

மகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "மேடம், நான் எப்பவும் பாடுற மாதிரியே பாடிடறேனே. கண்ணை மூடிக்கிட்டு, சும்மா நின்னு. எனக்கு அதுதான் வருது."

"இந்தப் பின்னலோடயா?"

"ஆமா."

"யார் பின்னி விட்டாங்க?"

"அம்மா."

"பார்த்தியா? இது சமூகத்தோட பின்னல்மா."

"எனக்குப் பிடிச்சிருக்கு மேடம்."

"உனக்குப் பிடிச்சிருக்கா, இல்லை பிடிச்சிருக்கணும்னு சமூகம் உன்கிட்ட சொல்லி வெச்சிருக்கான்னு உனக்கு எப்படிம்மா தெரியும்? உன் தனித்துவத்தை நீயே முடிவு பண்ணிட முடியாது. அதுக்கு ஒரு குழு இருக்கு."

வழி ஒன்றும் இல்லாமல் போய்விடவில்லை. வாரியம் கருணை உள்ளது. எதிர்க்கத் தெரியாத பெற்றோருக்கு அதுவே பயிற்சி கொடுக்கும். பயிற்சியில் தேறிய அப்பா, பாட்டு வெளியீட்டு விழாவில் மேடையேறி, எல்லார் முன்னாலும் மகளை எதிர்த்து வெளியே போகச் சொல்ல வேண்டும். அவள் கதவைத் திறந்துகொண்டு பாடியபடி வெளியேறுவாள். அதற்குப் பிறகு கொஞ்ச காலம், வாரியம் சொல்லும்வரை, எதிர்ப்பைக் கெடாமல் பராமரிக்க வேண்டும். அதாவது அப்பாவும் மகளும் சந்தித்துக்கொள்ளக் கூடாது. மகளுக்கு வாரியமே விடுதியில் இடம் தரும்.

பேருந்தில் திரும்பி வரும்போது மகள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கும் இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், "ஒப்புக்குத்தானேப்பா" என்றாள். "ஆமாம்மா, ஒப்புக்குத்தானே" என்றார் லிஃப்ட்காரர். பெண்ணுக்குப் பாட்டைத் தவிர வேறு எதன் மீதும் அப்படி ஒரு ஆசை இருந்து அவர் பார்த்ததில்லை. அந்த ஆசைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்றுதான் குறுக்கே நிற்கச் சம்மதித்தார்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட மச்சானுக்கு, அதாவது அவர் மனைவியின் தம்பிக்கு, ரோஷம் வந்துவிட்டது. அவர் பிறவியிலேயே எதிர்ப்பாளர். மழை பெய்தால் மழையை எதிர்ப்பார், விட்டால் ஏன் விட்டது என்பார். "நான் ஒருத்தன் இருக்கும்போது எதிர்ப்பு இல்லாத வீடுன்னு எப்படி எழுதுவான்?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வாரியத்துக்கே போனார். மாலையில் தொங்கிய முகத்தோடு வந்தார். தாய்மாமன் எதிர்ப்பு இரண்டாம் தரமாம், பெற்றோர் எதிர்ப்போடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாமே தவிரத் தனியாகச் செல்லாதாம். அதையும் எதிர்த்துவிட்டுத்தான் வந்தேன் என்றார். யாரும் காதில் வாங்கவில்லை போலிருக்கிறது.

பயிற்சி வகுப்பு கீழ்த்தளத்தில் நடந்தது. பயிற்சியாளர் முன்பு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். இங்கும் ஒரு காலால் பிரேக்கைத் தேடிக்கொண்டே பேசுவார். வகுப்பில் இருந்த பெற்றோர்கள் எல்லாரும் பார்த்தாலே பாவமாகத் தெரியும் ரகம். ஒரு வங்கிக் காசாளர் முதல் நாளே அழுதுவிட்டார். ஒரு டீச்சரம்மா, மகனைத் திட்ட வேண்டும் என்றதும், தப்பு செய்தால் திட்டலாம், செய்யாத தப்புக்கு எப்படி என்று கேட்டு வெளியே அனுப்பப்பட்டார். அவர் மகன் இன்றுவரை முத்திரை இல்லாமல்தான் இருக்கிறான்.

முதல் பாடம், கதவை அறைந்து சாத்துவது. சட்டத்தோடு ஒரு கதவை நடுக்கூடத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஆளுக்கொரு முறை போய் அறைந்தார்கள். லிஃப்ட்காரரின் முறை வந்தது. அவர் கதவின் கீலைத் தொட்டுப் பார்த்தார், குனிந்து பார்த்தார், பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்து இரண்டு சொட்டு விட்டார். பிறகு சாத்தினார். சத்தமே இல்லாமல் கதவு மூடிக்கொண்டது.

"சார், என்ன பண்றீங்க?"

"கிறீச்சுன்னு கத்திச்சுங்க. இப்ப பாருங்க, வெண்ணெய் மாதிரி போகுது."

அதற்கப்புறம் அந்தக் கதவை யார் அறைந்தாலும் சத்தம் வரவில்லை. வாரியம் வேறு கதவு வாங்க வேண்டியதாயிற்று. அரசாங்க வேலையில் இடையூறு என்று அவருக்கு ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள்.

இரண்டாவது பாடம் வசனம். 'நீ எனக்குப் பொண்ணே இல்லை. வெளியே போ. இனிமே என் முகத்துல முழிக்காதே.' இவ்வளவுதான். லிஃப்ட்காரர் எழுந்து நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒப்பித்தார்.

"நீ எனக்குப் பொண்ணே இல்லை. வெளியே போ. சாப்பிட்டுட்டுப் போ."

பயிற்சியாளர் பிரேக்கை மிதித்தார். "எதிர்ப்புல சாப்பாடு வரக்கூடாது சார்."

"வாயில வந்துடுதுங்க."

"வந்தா முழுங்குங்க."

மறுபடி சொன்னார். இந்த முறை சாப்பாடு வரவில்லை, ஆனால் 'குடை எடுத்துக்கோ' என்று வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தும் பயிற்சி செய்தார். மனைவியை மகளாக நிற்கவைத்தார். மனைவியும் சுவாரஸ்யமாக, கோபம் போதவில்லை, இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு முறை நன்றாகவே வந்துவிட்டது. இனிமே என் முகத்துல முழிக்காதே என்று அவர் சொல்லி முடித்ததும் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். அவர் பின்னாலேயே போய், "நடிப்புடி" என்றார். "தெரியும்" என்றாள். தெரிந்தவள் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. அன்று முழுக்கத் தன் வாய்மேலேயே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

இதற்குள் மகளையும் தயார் செய்துகொண்டிருந்தார்கள். தனித்துவத்துக்கு வாரியம் அங்கீகரித்த தலைமுடி நிறங்கள் நான்கு. மகள் சிவப்பு கேட்டாள். சிவப்பு கையிருப்பில் இல்லாததால் நீலம் ஒதுக்கினார்கள். பின்னலை வெட்டிவிட்டார்கள். கண்ணை மூடக் கூடாது, சமூகத்தைக் கண்ணுக்கு நேராகப் பார்க்க வேண்டும். அசையாமல் நிற்கக் கூடாது, மூன்றாவது வரியில் நாற்காலியை உதைக்க வேண்டும். எல்லாக் கலைஞர்களும் மூன்றாவது வரியில்தான் உதைப்பார்கள், அப்போதுதான் நாற்காலி எடுப்பவருக்கு வசதி. இதெல்லாவற்றையும் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டாள். பாட்டு வரிகள் திருத்தி வந்தபோதுதான் உடைந்துபோனாள்.

"ஒரே ஒரு சொல்லைத்தான் மாத்தியிருக்கோம்" என்றார் மேலாளர். "மத்ததெல்லாம் உன்னோடதுதான். குழுவே உன்னைப் பாராட்டிச்சு."

'கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா இருக்கார், பயமாயிருக்கு' என்று இருந்தது.

மகள் அதை அப்பாவிடம் காட்டவில்லை. ஒத்திகையின்போது அவர் காதால் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். கூடத்தின் கடைசியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வெளியே போய், வாரியத்தின் லிஃப்டில் ஏறி, மேலே போய், கீழே வந்தார். இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்தார். பிறகு வந்து உட்கார்ந்துகொண்டார். மகள் மேடையிலிருந்து அவரைப் பார்த்தாள். அவர் நன்றாயிருக்கிறது என்று கட்டைவிரலைக் காட்டினார். வேறு என்ன செய்யமுடியும்? வேண்டாம் வா, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அது நிஜமான தடையாகிவிடும், மகள் தன்னை வாழ்நாளெல்லாம் மன்னிக்கமாட்டாள் என்று பயந்தார்.

விழா நாள் வந்தது. கூடம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் கிழிந்த மேல்சட்டைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வாரியத் தலைவர் பேச எழுந்தார். நல்ல மனிதர், பேசும்போது குரல் தழுதழுக்கும்.

"இந்த வாரியம் ஆரம்பிச்சப்ப நிலைமை எப்படி இருந்துச்சுன்னு நான் சொல்லணும். ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி பாடிட்டிருந்தாங்க. தனித்துவத்துக்கு ஒரு ஒழுங்கே இல்லை. இன்னைக்குப் பெருமையோட சொல்றேன், நம்ம கலைஞர்கள் அத்தனை பேரும் ஒரே மாதிரி தனித்துவமா இருக்காங்க."

கைதட்டல்.

"யார் பேச்சையும் கேட்காதீங்கன்னு நான் இவங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்றேன். இதுவரைக்கும் ஒருத்தர்கூட என் பேச்சைத் தட்டினதில்லை. பயப்படாதீங்கன்னு சொல்லியிருக்கேன். பயப்பட்டவங்களை அன்னைக்கே நீக்கியிருக்கேன்."

மறுபடி கைதட்டல். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என் சொந்த மகனே பாடணும்னு வந்தான். நான் எதிர்த்தேன். பயிற்சி எதுவும் இல்லாம, இயல்பா எதிர்த்தேன். அவன் பாட்டை விட்டுட்டு இப்ப நம்ம கணக்குப் பிரிவுல இருக்கான். சந்தோஷமா இருக்கான்னுதான் நினைக்கிறேன். கேட்டதில்லை."

அடுத்து லிஃப்ட்காரரை மேடையேற்றினார்கள். ஏறும்போது மேலாளர் அவர் காதில், "இன்னைக்குச் சாப்பாடு, குடைன்னு ஏதாவது வந்துச்சுன்னா உங்க பொண்ணு கோப்பு இத்தோட மூடிடும். மறுபடி திறக்காது" என்றார். மேடையில் ஒரு கதவு நின்றிருந்தது. அதன் பக்கத்தில் மகள், நீல முடியோடு, அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் வாயில் குடை வந்துவிடும். எதிரே, முன்வரிசை நடுவில் தலைவர் உட்கார்ந்திருந்தார். இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரருக்கு இத்தனை மாதமாக எங்கே இருந்தது என்று தெரியாத கோபம் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பியது. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து, கையை நீட்டி, வசனத்தைச் சொன்னார்.

வெளியே போ என்பதைச் சொன்னபோது ஒலிபெருக்கி அலறியது. இனிமே என் முகத்துல முழிக்காதே என்றபோது கடைசி வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. தலைவர் இருக்கையிலிருந்து எழுந்து நின்று கைதட்டினார். வாரியத்தின் வரலாற்றில் இப்படி ஒரு எதிர்ப்பைப் பார்த்ததில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். தனக்குத்தான் சொல்கிறான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அப்படித் தோன்றாமல் இருப்பதற்குத் தலைவர் பதவியில் கொஞ்ச நாள் இருந்திருக்க வேண்டும்.

மகளுக்கு அப்பாவின் முதுகும் நீட்டிய கையும்தான் தெரிந்தன. இவ்வளவு பெரிய குரல் அவருக்கு உண்டு என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். கதவைத் திறந்துகொண்டு பாடியபடி போனாள். குரல் உடைந்தது. அந்த உடைந்த குரலால்தான் பாட்டு ஓகோவென்று போயிற்று. ஊரெல்லாம், கடைகளில், பேருந்தில், பயமாயிருக்கு பயமாயிருக்கு என்று அதே பாட்டு.

வாரியம் சிறந்த எதிர்ப்புத் தந்தை என்று லிஃப்ட்காரருக்கு ஒரு கேடயம் கொடுத்தது. அவர் அதைப் பரண்மேல் போட்டார். வேலைக்குப் போகும் இடத்திலெல்லாம் ஜனங்கள் அவரைக் கண்டுகொண்டார்கள். ஒரு தடவை, ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்டுக்குள் மாட்டியிருந்த ஒரு அம்மாள், கதவிடுக்கு வழியாக முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க அந்தப் பொண்ணைத் துரத்தின ஆளாச்சே" என்றாள்.

"ஆமாங்க. கொஞ்சம் பின்னால தள்ளி நில்லுங்க."

"வேற ஆளை அனுப்புங்க. நான் இருந்துக்கறேன்."

அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாள் அசையவில்லை. வேறு ஆள் வரும்வரை அவர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

விடுதிக்குத் தொலைபேசியில் பேசலாம். ஆனால் நடுவில் வாரியத்து ஆள் கேட்டுக்கொண்டிருப்பார். அன்பாக ஏதாவது பேசினால் இணைப்பைத் துண்டித்துவிடுவார். முதல் தடவை 'எப்படிம்மா இருக்கே' என்றதிலேயே போய்விட்டது. அதனால் அப்பாவும் மகளும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். திட்டிக்கொண்டே விசாரிப்பது.

"வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தொலைக்கிறியா, அதுக்கும் வக்கில்லையா?" என்று கத்துவார் லிஃப்ட்காரர்.

"சாப்பிடறேன். உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று அவளும் கத்துவாள்.

"எனக்கு முட்டிவலி குறைஞ்சிருக்கு. கேட்டுத் தொலை."

"எனக்கென்ன? அந்தத் தைலத்தையே தேய்ச்சுக்கங்க."

பேசி முடித்ததும் லிஃப்ட்காரர் சிரித்துக்கொண்டே மனைவியிடம் வந்து எல்லாவற்றையும் நல்ல வார்த்தையில் மாற்றிச் சொல்வார். இப்படிக் கொஞ்ச காலம் ஓடியது. பிறகு, எப்போது என்று சொல்ல முடியாது, மகளின் பதில்கள் சுருங்கின. உங்களுக்கு என்ன வந்துச்சு என்பதோடு நின்றுவிட்டாள், தைலம் வரவில்லை. நன்றாக நடிக்கிறாள் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். அப்புறம் நினைக்கப் பயந்தார். அவள் தினமும் மேடையில் அதே பாட்டைப் பாடுகிறாள், தினமும் அப்பாவுக்குப் பயப்படுகிறாள். ஒரு சொல்லைத் தினமும் ஊருக்கு முன்னால் சொல்லிக்கொண்டிருந்தால் அது வாயோடு நின்றுவிடுமா? அவருக்கே இப்போதெல்லாம் சாதாரணமாகப் பேசும்போதும் குரல் உயர்ந்துவிடுகிறது என்று மனைவி சொல்ல ஆரம்பித்திருந்தாள். பார்க்க அனுமதி கேட்டு வாரியத்துக்குப் போனார். எதிர்ப்பு நல்ல நிலையில் இருக்கிறது, இப்போது கலைக்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு நாள் விடுதி வாசலில் போய் நின்றார். எதிர்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து விடுதிக்காரர்கள் அவரைப் படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுத்தார்கள்.

பருவம் மாறியது, ஜனங்களின் ரசனையும் மாறியது. இப்போது சமாதானம்தான் விலைபோகிறது என்று வாரியத்துக்குத் தகவல் வந்தது. உடனே சமாதானப் பிரிவு திறந்தார்கள், கிளர்ச்சிப் பிரிவின் மேலாளரே அதற்கும் மேலாளர். அப்பாவும் மகளும் சந்தித்துக்கொள்வதை அடுத்த பாட்டின் முன்னால் சேர்ப்பதாக ஏற்பாடு. லிஃப்ட்காரர் பயிற்சி வகுப்புக்கே போகாமல் நேராக வருகிறேன் என்றார். முகச்சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு முன்பே ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்துவிட்டார்.

சின்ன அறை. இரண்டு நாற்காலிகள், நடுவில் ஒலிவாங்கி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலாளர். மகள் வந்து எதிரே உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். நீல முடியின் அடியில் கறுப்பு வளர்ந்திருந்தது. இருவரும் பார்த்துக்கொண்டார்கள். என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்த தாள் மடியில் இருந்தது, அவள் அதைப் பார்க்கவில்லை.

"அப்பா" என்றாள், ரொம்பத் தாழ்ந்த குரலில். "அன்னைக்கு மேடையில சொன்னீங்களே. அது பயிற்சிதானே?"

இத்தனை நாளாக அவள் இதைச் சுமந்துகொண்டுதான் இருந்தாளா?

"பயிற்சிதாம்மா. நான் உன்னைப் பார்த்தே சொல்லலை. அந்தத் தலைவரைப் பார்த்துச் சொன்னேன். சத்தியமா."

மகளின் முகத்தில் ஏதோ இளகியது. அவள் வாயைத் திறப்பதற்குள் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு. நாங்க எழுதினதைவிட இதுதான் நல்லா இருக்கு. இதையே வெச்சுக்கலாம். தலைவர் வரி மட்டும் வேண்டாம் சார், பயிற்சிதாம்மாவோட நிறுத்திக்குங்க. மறுபடி ஒருதடவை."

மகள் மறுபடி கேட்டாள். அவர் மறுபடி சொன்னார். சட்டை உரசிய சத்தம் விழுந்துவிட்டது என்றார்கள். அடுத்த தடவை அவர் அவசரப்பட்டுவிட்டாராம், அவள் கேட்டதும் கொஞ்சம் இடைவெளி விட்டுச் சொல்ல வேண்டுமாம். விட்டார். அந்த 'அம்மா'வில் குரல் லேசாக உடையட்டும் என்றார்கள். உடைத்தார். இப்போது மகளுக்குக் கண்ணீர் சீக்கிரம் வந்துவிட்டது, கேள்வி முடிந்தபிறகு வரட்டும் என்றார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து கேட்டாள். பயிற்சிதானே. பயிற்சிதாம்மா. பயிற்சிதானே. பயிற்சிதாம்மா.

கடைசியாக ஒரு தடவை என்று சொல்லிவிட்டு, மேலாளர் தண்ணீர் குடிக்கத் திரும்பினார். மகள் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

"அப்பா, நிஜமாவே கேக்கறேன். அது பயிற்சிதானே?"

நிஜமாகக் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. நிஜமாகச் சொல்ல வேண்டும் என்று தவித்தார். ஆனால் வாயைத் திறந்தபோது முதலில் அந்த இடைவெளி வந்தது. பிறகு, உடைய வேண்டிய இடத்தில் லேசாகக் குரல் உடைந்து, "பயிற்சிதாம்மா" என்று வந்தது. வேறு மாதிரி சொல்லிப் பார்க்க வாயை அசைத்தார். வேறு மாதிரி வரவில்லை.

மகள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒலிவாங்கியிலிருந்து கையை எடுத்துவிட்டு, கண்ணாடிப் பக்கம் திரும்பினாள்.

"இது போதுமா மேடம்?"

போதும் என்று பதில் வந்தது.